மேகத்தின் வெள்ளைக்கு ஒரு கணக்கு

கீழேயிருந்து பார்த்து ‘என்ன இப்படிக் கறுத்துக்கொண்டு வருது’ என்று நாம் சொல்லும் அதே மேகத்தை விமானத்தில் போகும்போது மேலேயிருந்து பார்த்தால் கண் கூசுகிற வெள்ளை. மேலே அவ்வளவு வெள்ளையாக இருப்பதால்தான் கீழே அவ்வளவு கறுப்பு. வந்த வெளிச்சத்தில் பெரும்பகுதி மேல்பக்கமாகவே திரும்பிப் போய்விட்டது, அடிப்பக்கம் வந்து சேர்ந்தது மிச்சம் மீதிதான். திரும்பிப் போனது போனதுதான், அது இனி கடலையோ மண்ணையோ சூடாக்காது. பூமி எவ்வளவு சூடாக இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிற பெரிய விஷயங்களில் இது ஒன்று. அதனால் இப்படி எவ்வளவு வெளிச்சம் திரும்புகிறது என்று அளப்பதற்காக அறுபது வருடங்களுக்கு மேலாகச் செயற்கைக்கோள்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் சின்ன வேலை மாதிரி இருக்கும்: மேலேயிருந்து ஒரு படம் எடுத்து, எவ்வளவு வெள்ளை என்று பார்த்தால் போதாதா? போதாது. ஏன் போதாது என்பதில்தான் இந்த விஷயத்தின் சுவாரசியமே இருக்கிறது.

முதலில் மேகம் ஏன் வெள்ளை? தண்ணீருக்கு நிறம் கிடையாது, கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரியும். கற்கண்டும் அப்படித்தான், ஒரு பெரிய கட்டியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கிட்டத்தட்ட ஊடுருவித் தெரியும். அதையே அம்மியில் வைத்துப் பொடித்துவிட்டால் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும். பொருள் மாறவில்லை, பரப்புகள் பெருகிவிட்டன, ஒவ்வொரு பரப்பிலும் வெளிச்சம் கொஞ்சம் திசை மாறுகிறது, அவ்வளவுதான். மேகத்தில் உள்ள தண்ணீரும் பொடித்த தண்ணீர். ஒரு சாதாரண மேகத்துளியின் ஆரம் சுமார் 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரே ஒரு மழைத்துளி உருவாக இப்படிப்பட்ட பத்து லட்சம் துளிகள் சேர வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தத் துளி வெளிச்சத்தை முகம் பார்க்கும் கண்ணாடி போல நேராகத் திருப்பி அடிப்பதில்லை. தன்மேல் படுகிற ஒளியில் பெரும்பகுதியை அது முன்பக்கமாகவே, போகிற திசையிலிருந்து கொஞ்சம் மட்டும் விலக்கி, அனுப்பிவிடுகிறது. அப்படியானால் வெளிச்சம் எப்படித் திரும்பி மேலே வருகிறது? ஒரு துளியில் கொஞ்சம் விலகி, அடுத்த துளியில் இன்னும் கொஞ்சம் விலகி, இப்படிப் பல தடவை விலகி விலகி, கடைசியில் சில ஒளிக்கதிர்கள் வந்த வழியே திரும்பிவிடுகின்றன. நம் கண்ணுக்குத் தெரிகிற ஒளியைத் தண்ணீர் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை என்பதால் இத்தனை மோதலிலும் வெளிச்சம் தொலைவதில்லை. ஒன்று மேலே போகும், இல்லை கீழே போகும். எல்லா நிறங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறுவதால்தான் வெள்ளை.

எத்தனை தடவை மோதும் என்பதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள், அதற்கு ஒளியியல் தடிமன் என்று பெயர். மேகம் எத்தனை மீட்டர் உயரம் என்பது வேறு, இது வேறு. இந்த அளவு 10 என்றால் வந்த வெளிச்சத்தில் பாதிக்குச் சற்று மேல் திரும்பிவிடும். 50 என்றால் 85 சதவீதத்துக்கு மேல். பஞ்சுக் கீற்று போல உயரத்தில் தெரியும் மேகங்களுக்கு இது 1கூட இருக்காது, அதனால்தான் அவற்றின் வழியாகச் சூரியன் நன்றாகவே தெரிகிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், திறந்த கடல் திருப்பி அனுப்புவது நூற்றுக்கு 6 என்ற அளவில். புதிதாக விழுந்த பனி 80க்கு மேல். கறுத்த கடலுக்கு மேலே ஒரு மேகம் வந்து நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, மொத்தக் கணக்குக்கு வருவோம். சூரியனுக்கு நேர் எதிரே, காற்றுமண்டலத்துக்கு வெளியே ஒரு சதுர மீட்டர் பலகையைப் பிடித்தால் அதில் சுமார் 1361 வாட் விழும். பூமி சூரியனுக்குக் காட்டுவது ஒரு வட்டத்தட்டின் பரப்பு, ஆனால் உருண்டையின் மொத்தப் பரப்பு அதைப்போல நான்கு மடங்கு, பாதி உருண்டையில் இரவு வேறு. ஆக நான்கால் வகுத்தால் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 340 வாட். இதில் ஏறக்குறைய 100 வாட் அப்படியே திரும்பி விண்வெளிக்குப் போய்விடுகிறது. நூற்றுக்கு 29. மேகமே இல்லாத இடங்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் திரும்புவது சுமார் 53 வாட்தான். மீதி, கிட்டத்தட்ட பாதி, மேகங்களின் வேலை.

இந்த 29 என்ற எண் சும்மா கிடைத்துவிடவில்லை. செயற்கைக்கோள்களுக்கு முன்பு இதை 35, அதற்கும் மேலே என்றெல்லாம் மதிப்பிட்டு வைத்திருந்தார்கள். 1959 அக்டோபரில் எக்ஸ்புளோரர் 7 என்ற செயற்கைக்கோள் மேலே போனது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த வெர்னர் சுவோமி அதில் வைத்த கருவி மிக எளிமையானது: கறுப்பு அடித்த சிறு அரைக்கோளங்களும் வெள்ளை அடித்தவையும். கறுப்பு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சூடாகும், வெள்ளை சூரிய ஒளியைத் தள்ளிவிட்டு வெப்பக் கதிர்களை மட்டும் வாங்கும், இரண்டின் வெப்பநிலை வித்தியாசத்திலிருந்து எவ்வளவு சூரிய ஒளி கீழேயிருந்து திரும்பி வருகிறது என்று கணக்கிடலாம். அந்த மாதிரி அளவீடுகள் சேரச் சேர, பூமி நாம் நினைத்ததைவிட இருண்டது, நூற்றுக்கு 30 பக்கம்தான் திருப்பி அனுப்புகிறது என்று தெரிந்தது. மதிப்பீட்டில் 5 சதவீதப் புள்ளி தவறு என்றால் சதுர மீட்டருக்கு 17 வாட் தவறு. காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் உண்டாகும் மாற்றமே 4 வாட் சுமார்தான் என்பதை வைத்துப் பார்த்தால், அது எவ்வளவு பெரிய ஓட்டை என்பது புரியும்.

அடுத்த பெரிய படி 1984. சேலஞ்சர் விண்வெளி ஓடத்திலிருந்து பூமிக்கு வந்து போகும் கதிர்களை அளக்கும் இஆர்பிஎஸ் என்ற செயற்கைக்கோளை விண்வெளி வீராங்கனை சாலி ரைடு இயந்திரக் கையால் எடுத்து வெளியே விட்டார். அதன் சூரியத் தகடுகள் முதலில் விரிய மறுத்தன, அவர் அந்தக் கையாலேயே செயற்கைக்கோளைப் பிடித்து உலுக்கினார், அப்புறம்தான் விரிந்தன. (நம் வீட்டு ரிமோட்டுக்குச் செய்யும் வைத்தியம் விண்வெளியிலும் பலித்திருக்கிறது.) இரண்டு வருடம் உழைத்தால் போதும் என்று அனுப்பியது 2005 வரை ஓடியது.

அந்தத் திட்டத்தின் தரவுகளை வைத்துத்தான் 1989இல் ஒரு முக்கியமான கேள்விக்கு விடை கிடைத்தது. கேள்வி இதுதான்: மேகம் பூமியைக் குளிர்விக்கிறதா, சூடாக்குகிறதா? ஏனென்றால் மேகத்துக்கு இரண்டு வேலை. பகலில் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. அதே சமயம் இரவு பகல் பாராமல், கீழேயிருந்து மேலே போகிற வெப்பக் கதிர்களைத் தடுத்து வைத்துக்கொள்கிறது. மேகமூட்டமான இரவு புழுக்கமாக இருக்கிறதே, அது. எந்த வேலை பெரிது என்று அதுவரை உறுதியாகத் தெரியாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீ. ராமநாதன் தலைமையிலான குழு 1985 ஏப்ரல் மாதத் தரவுகளை எடுத்துக் கணக்குப் போட்டது. வெயிலைத் திருப்புவதால் 44.5 வாட் இழப்பு, வெப்பத்தைத் தடுப்பதால் 31.3 வாட் வரவு, ஆக நிகரமாக 13.2 வாட் குளிர்ச்சி. இப்போதைய அளவீடுகளில் நிகரக் குளிர்ச்சி 20 வாட்டை ஒட்டி வருகிறது. எப்படிப் பார்த்தாலும் மேகம் குளிர்விக்கிற பக்கம்தான்.

ஆனால் எல்லா மேகமும் ஒன்றல்ல. பெரு, சிலி கரையோரம், கலிபோர்னியாவுக்கு மேற்கே, ஆப்பிரிக்காவில் நமீபியா அங்கோலா ஓரம், இங்கெல்லாம் குளிர்ந்த கடலுக்கு மேல் ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் தாழ்வான மேகப் படுகை ஒன்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பாய் விரித்த மாதிரி கிடக்கும். அதன் உச்சி கடலைவிடக் கொஞ்சம்தான் குளிர்ந்தது, அதனால் வெப்பத்தை அது பெரிதாகத் தடுப்பதில்லை. வெயிலை மட்டும் வாரித் திருப்பி அனுப்புகிறது. முழு லாபம். உயரத்தில் உள்ள மெல்லிய பனிக்கட்டிக் கீற்று மேகம் இதற்கு நேர் எதிர்: வெயிலை விட்டுவிடும், வெப்பத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆக மொத்தம் சூடாக்கும். வெப்பமண்டலக் கடல்களின் உயர்ந்த இடிமேகங்களில் இரண்டும் பெரிய எண்கள், பல இடங்களில் ஒன்றை ஒன்று கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடும். நம் தென்மேற்குப் பருவமழைக் காலத்து மேகங்கள் இதில் ஒரு விதிவிலக்கு. அவை அவ்வளவு தடித்தவை, அவ்வளவு அதிகம், அதனால் அங்கே நிகரக் குளிர்ச்சியே மேலோங்கி நிற்கிறது, 30 வாட்டுக்கும் அதிகமாக.

இப்போது முதலில் விட்ட கேள்விக்கு வருவோம், ஏன் ஒரு படம் போதாது.

செயற்கைக்கோள் மேகத்தைப் பார்க்கும்போது அது ஒரே ஒரு திசையில் வருகிற வெளிச்சத்தைத்தான் பார்க்கிறது. மேகமோ எல்லாத் திசையிலும் ஒளியைத் தெளிக்கிறது, அதுவும் சமமாக இல்லை. சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு அளவு, எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு அளவு, செங்குத்தாக மேலேயிருந்து பார்த்தால் இன்னொன்று. நமக்குத் தேவை எல்லாத் திசைகளிலும் போன மொத்த வெளிச்சம், கையில் இருப்பது ஒரு கோணத்தின் பிரகாசம். இதைச் சமாளிக்க நாசாவின் செரீஸ் கருவிகளில் ஒரு நல்ல யோசனை செய்தார்கள். டெர்ரா (1999), அக்வா (2002) ஆகிய செயற்கைக்கோள்களில் இந்தக் கருவி இருக்கிறது. பாதையின் குறுக்கே மட்டும் பார்த்துக்கொண்டு போகாமல் அதன் பார்வைத் தளத்தையே சுழற்றினார்கள், அதனால் ஒரே வகை மேகம் பல கோணங்களிலிருந்து பதிவானது. இப்படி வருடக்கணக்கில் சேர்த்து, ‘கடலுக்கு மேலே, இவ்வளவு தடிமனான தண்ணீர் மேகம், சூரியன் இந்த உயரத்தில் என்றால், இந்தக் கோணத்தில் இவ்வளவு தெரிந்தால் மொத்தம் இவ்வளவு’ என்று பெரிய பட்டியல்கள் தயாரித்தார்கள். அப்புறம் எந்தப் புதிய அளவீடு வந்தாலும், கீழே இருப்பது எந்த வகைக் காட்சி என்று அடையாளம் கண்டு, பொருத்தமான பட்டியலை வைத்து மொத்தத்தைக் கணக்கிடுவார்கள்.

வகையை அடையாளம் காண்பது யார்? அதே டெர்ரா, அக்வாவில் இருக்கும் மோடிஸ் என்ற கேமரா. செரீஸின் ஒரு பார்வைப் புள்ளி நேர் கீழே பார்க்கும்போதே 20 கிலோமீட்டர் அகலம், மோடிஸின் புள்ளி கால் கிலோமீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் வரை. செரீஸுக்கு நுணுக்கம் தெரியாது, எவ்வளவு சக்தி என்று துல்லியமாகத் தெரியும். மோடிஸுக்குச் சக்தியின் முழுக் கணக்கு தெரியாது, என்ன இருக்கிறது என்று தெரியும். இரண்டையும் சேர்த்தால்தான் வேலை ஆகும்.

நேரமும் ஒரு தலைவலி. டெர்ரா காலை பத்தரை மணி சுமாருக்கும் அக்வா பகல் ஒன்றரை மணி சுமாருக்கும் நிலநடுக்கோட்டைக் கடக்கும்படி வைக்கப்பட்டவை. மேலே சொன்ன பெரு ஓரத்து மேகப் படுகை விடியற்காலையில் தடித்து, பிற்பகலில் வெயில் ஏற ஏற மெலிந்து கிழிந்துபோகும். பத்தரை மணிக்கு மட்டும் பார்த்தால் ஒரு விடை, ஒன்றரை மணிக்கு மட்டும் பார்த்தால் வேறு விடை. இடைப்பட்ட நேரத்துக்குப் பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வானிலைச் செயற்கைக்கோள்களின் படங்களை வைத்து நிரப்புகிறார்கள். 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவும் பிரான்சும் சேர்ந்து அனுப்பிய மேகா-டிராபிக்ஸ் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி பார்த்தது. துருவங்களைத் தொடவே தொடாமல், நிலநடுக்கோட்டுக்கு 20 பாகை சாய்வில் சுற்றியது, அதனால் வெப்பமண்டலத்தின் ஒரே இடத்தை ஒரு நாளில் பல தடவை, வெவ்வேறு நேரங்களில் பார்க்க முடிந்தது. ஸ்காராப் என்ற அதன் கருவி திரும்பும் வெயிலையும் வெளியேறும் வெப்பத்தையும் அளந்தது.

கருவியின் துல்லியம் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் கணக்கு முழுமையாகாது. திரும்பும் வெயில் 100 வாட் என்றால், கருவியில் ஒரு சதவீதப் பிழை இருந்தாலே 1 வாட். பூமி இப்போது வாங்குவதற்கும் விடுவதற்கும் உள்ள வித்தியாசமே அந்த அளவில்தான் இருக்கிறது! தராசின் பிழையும் நிறுக்கும் பொருளும் ஒரே எடை. அதனால் மொத்த வித்தியாசத்தின் அளவைச் செயற்கைக்கோளை மட்டும் நம்பிச் சொல்வதில்லை. உலகக் கடல்களில் மிதக்கும் ஆர்கோ மிதவைகள், ஏறக்குறைய நான்காயிரம் இருக்கின்றன, 2000 மீட்டர் ஆழம் வரை இறங்கி ஏறி வெப்பநிலை பார்க்கின்றன; கடல் எவ்வளவு சூட்டைச் சேர்த்திருக்கிறது என்று அதிலிருந்து தெரியும், அந்த எண்ணோடு ஒத்துப்போகும்படி செரீஸ் கணக்கைச் சரிசெய்கிறார்கள். ஆனால் வருடத்துக்கு வருடம் என்ன மாறுகிறது என்று சொல்வதில் செரீஸ் மிக நம்பகமானது. தராசு கொஞ்சம் தப்பாகக் காட்டினாலும் எப்போதும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டினால், கூடுகிறதா குறைகிறதா என்பது சரியாகவே தெரியும் அல்லவா?

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். தரையிலிருந்து 700 கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டே, கீழே ஒரு மேகத்துக்குள் இருக்கும் துளி எத்தனை மைக்ரான் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

இரண்டு நிறத்தில் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தண்ணீர் உறிஞ்சாது என்று பார்த்தோம், அதனால் அந்த நிறத்தில் மேகம் எவ்வளவு பிரகாசம் என்பது பெரும்பாலும் ஒளியியல் தடிமனைச் சொல்லும். கொஞ்சம் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதியில், 2.1 மைக்ரான், 3.7 மைக்ரான் போன்ற அலைநீளங்களில், தண்ணீர் லேசாக உறிஞ்ச ஆரம்பிக்கிறது. பெரிய துளிக்குள் ஒளி நீண்ட தூரம் போக வேண்டும், கூடுதலாகத் தொலையும். சிறிய துளியில் குறைவாகத் தொலையும். ஆக, அந்த அலைநீளத்தில் மேகம் மங்கலாகத் தெரிந்தால் துளி பெரிது, பளிச்சென்று தெரிந்தால் துளி சிறிது. இரண்டு எண்கள், இரண்டு விடைகள். 1990இல் டெருயுகி நகாஜிமாவும் மைக்கேல் கிங்கும் முறைப்படுத்திய வழி இது, மோடிஸ் இன்றும் செய்வது இதன் நீட்சியைத்தான். 1.6 மைக்ரானில் பார்ப்பதில் இன்னொரு வசதியும் உண்டு, தரையில் கிடக்கும் பனி அதில் கறுப்பாகவும் தண்ணீர் மேகம் வெள்ளையாகவும் தெரியும், இமயமலைப் பனிக்கு மேலே நிற்கும் மேகத்தைச் சாதாரணப் படத்தில் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று முயன்றவர்களுக்குத் தெரியும்.

துளியின் அளவை நீங்களே பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. விமானத்தில் சூரியனுக்கு எதிர்ப்பக்க ஜன்னலில் இடம் கிடைத்து, கீழே மேகம் பரந்து கிடந்தால், விமானத்தின் நிழல் விழும் இடத்தைப் பாருங்கள். நிழலைச் சுற்றிச் சிறு வானவில் வளையங்கள் ஒன்றிரண்டு ஓடிவரும். வந்த திசைக்கே நேராகத் திரும்புகிற ஒளியால் உண்டாவது அது. வளையம் பெரிதாக இருந்தால் துளிகள் சிறியவை, வளையம் சுருங்கினால் துளிகள் பெரியவை. விமானம் ஒரு மேகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வளையம் விரிந்து சுருங்குவதைக் கவனித்தால், மேகத்துக்கு மேகம் துளி மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கிறீர்கள். செயற்கைக்கோள் படங்களிலும் சில சமயம் இந்த வளையம், பாதை நெடுக நீளும் வண்ணக் கோடாக, பதிவாகிறது.

சரி, துளியின் அளவு தெரிந்து என்ன ஆகப் போகிறது? மேகத்தின் வெள்ளையே அதில்தான் இருக்கிறது. ஒரு மேகத்தில் உள்ள தண்ணீரின் அளவை மாற்றாமல், ஒவ்வொரு துளியையும் எட்டுத் துளியாக உடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஆரம் பாதியாகும். ஒரு துளியின் பரப்பு கால்வாசியாகும், ஆனால் துளிகள் எட்டு மடங்கு, ஆக மொத்தப் பரப்பு இரண்டு மடங்கு. ஒளியியல் தடிமனும் இரண்டு மடங்கு. முன்பு 10 இருந்தது இப்போது 20, பாதிக்குச் சற்று மேல் திருப்பிய மேகம் இப்போது முக்கால்வாசியை ஒட்டித் திருப்பும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடவில்லை.

இது ஏட்டுக் கணக்கு அல்ல, கடலில் கண்ணெதிரே நடக்கிறது. 1960களில், டைரோஸ் வகை வானிலைச் செயற்கைக்கோள்களின் ஆரம்பக் காலப் படங்களிலேயே, பசிபிக் கடலின் மேகங்களில் விரலால் கீறிவிட்ட மாதிரி நீண்ட வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. கீழே கப்பல்கள் போன தடம் அவை. மேகத்துளி தானாக உருவாகாது, ஒட்டிக்கொள்ள ஒரு நுண்துகள் வேண்டும். நடுக்கடலில் காற்று சுத்தம், துகள்கள் குறைவு, இருக்கிற துகள்களில் தண்ணீர் பங்குபோட்டுக்கொண்டு துளிகள் பெரிதாக இருக்கும். கந்தகம் நிறைந்த எரிபொருளை எரித்துக்கொண்டு ஒரு கப்பல் போகிறது. புகைபோக்கியிலிருந்து கோடிக்கணக்கான துகள்கள் மேகத்துக்குள் ஏறுகின்றன, அதே தண்ணீரைப் பங்குபோட ஆட்கள் கூடிவிடுகிறார்கள், துளி சிறிதாகிறது, மேகம் அந்த வரிசையில் மட்டும் வெளுக்கிறது. சாதாரணப் படத்தில் தெரியாத தடங்கள்கூட 3.7 மைக்ரான் படத்தில் தெளிவாகத் தெரியும், காரணம் மேலே சொன்னதுதான், அந்த அலைநீளத்துக்குத் துளியின் அளவு நன்றாகத் தெரியும். இந்த விளைவை 1970களில் கணக்குப் போட்டுச் சொன்னவர் ஷான் டூமி, அவர் பெயரால்தான் இன்றும் வழங்குகிறது.

2014-15இல் ஐஸ்லாந்தின் ஹோலுஹ்ரவுன் எரிமலை மாதக்கணக்கில் கந்தக டை-ஆக்சைடைக் கக்கியபோது இதைப் பெரிய அளவில் சரிபார்க்க வாய்ப்புக் கிடைத்தது. வட அட்லாண்டிக் மேகங்களில் துளிகள் சிறிதானது மோடிஸ் தரவில் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் மேகத்தில் உள்ள மொத்தத் தண்ணீர் அளவில் பெரிய மாற்றம் தெரியவில்லை. இது ஏன் முக்கியம் என்றால், துளி சிறிதானால் மழையாகச் சொட்டுவது குறையும், மேகம் அதிக நேரம் நிற்கும், தண்ணீரும் கூடும் என்று ஒரு கருத்து இருக்கிறது. சிறிய துளி ஓரங்களில் சீக்கிரம் ஆவியாகி மேகத்தைக் கரைத்துவிடும் என்று எதிர்க் கருத்தும் இருக்கிறது. இரண்டும் நடக்கிறது, எங்கே எது வெல்லும் என்பது மேகத்தைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தைப் பொறுத்தது.

2020 ஜனவரி 1 முதல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்தது. துறைமுக ஊர்களில் மூச்சுவிடும் மக்களுக்கு இது நல்லது, அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. கூடவே கப்பல் தடங்களும் செயற்கைக்கோள் படங்களில் சட்டென்று குறைந்துவிட்டன. இவ்வளவு நாளாகப் புகை ஓரளவு வெப்பத்தை மறைத்துக்கொண்டிருந்தது, அந்த மறைப்பு இப்போது விலகுகிறது. உலகம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் இதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது. எனக்குத் தோன்றுவது, கப்பலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிச் சமூக ஊடகங்களில் பரபரப்பாக எழுதுவது கொஞ்சம் அதிகப்படி. ஏனென்றால் செரீஸ் தரவில் 2000க்குப் பிறகு பூமி திருப்பி அனுப்பும் வெயில் பொதுவாகவே குறைந்து வருகிறது: கடல் பனி உருகியது ஒரு பங்கு, பல நாடுகளில் காற்று மாசு குறைந்தது ஒரு பங்கு, தாழ்மேகங்கள் குறைந்தது ஒரு பெரும் பங்கு. 2005க்கும் 2019க்கும் இடையில் மட்டும் பூமியின் வரவு செலவு வித்தியாசம் ஏறக்குறைய இரட்டிப்பானது.

தாழ்மேகம் குறைவதில் ஒரு சுழற்சியும் இருக்கிறது. கடல் சூடானால் அந்தப் படுகை மெலிகிறது, மெலிந்தால் கூடுதல் வெயில் கடலில் இறங்குகிறது, கடல் இன்னும் சூடாகிறது. காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐநாவின் குழுவான ஐபிசிசி 2021இல் வெளியிட்ட அறிக்கை மேகங்களின் இந்த எதிர்வினையை, ஒரு டிகிரி வெப்ப உயர்வுக்குச் சதுர மீட்டருக்கு 0.42 வாட் கூடுதல் சூடு என்று மதிப்பிட்டது, ஆனால் அதற்குக் கொடுத்த பிழை எல்லை அந்த எண்ணைவிடப் பெரியது. அதைக் குறைக்கத்தான் புதிய கருவிகள் போயிருக்கின்றன. 2024 பிப்ரவரியில் போன பேஸ் என்ற செயற்கைக்கோள், ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதை, பல கோணங்களில் பார்க்கிறது, துளிகளுக்கும் மாசுத் துகள்களுக்கும் அது இன்னும் நல்ல அளவுகோல். அதே வருடம் மே மாதம் போன எர்த்கேர், ரேடாரையும் லேசரையும் கீழ்நோக்கி அனுப்பி மேகத்தின் உள்ளடுக்குகளைப் பார்க்கிறது, கூடவே அதே மேகம் எவ்வளவு வெயிலைத் திருப்புகிறது என்றும் அளக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு நேரில் பார்க்க ஆசை வந்தால், இந்திய வானிலைத் துறையின் தளத்தில் இன்சாட் படங்கள் அரை மணிக்கு ஒன்று வந்துகொண்டே இருக்கின்றன. பகலில், ஒரே நேரத்துக்கான இரண்டு படங்களைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: ஒன்று கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்தது, இன்னொன்று வெப்ப அகச்சிவப்பில் எடுத்தது. முதல் படத்தில் வெள்ளை என்றால் வெயிலை நன்றாகத் திருப்புகிறது என்று அர்த்தம், இரவில் அது முழுக் கறுப்பு. இரண்டாவதில் வெள்ளை என்றால் உச்சி குளிர்ந்தது, அதாவது உயரமானது. இரண்டிலும் வெள்ளையாக இருந்தால் தடித்து உயர்ந்த இடிமேகம், வங்கக் கடலில் புயல் இருக்கும்போது பார்த்தால் சந்தேகமே வராது. முதலாவதில் மங்கலாகவும் இரண்டாவதில் வெள்ளையாகவும் இருந்தால் கீற்று மேகம். முதலாவதில் பளிச், இரண்டாவதில் சாம்பல் என்றால் தாழ்மேகம்.

டிசம்பர், ஜனவரியில் காலை ஒன்பது, பத்து மணிப் படத்தை எடுத்து கங்கைச் சமவெளியைப் பாருங்கள். பஞ்சாபிலிருந்து பீகார் வரை இமயமலை அடிவாரத்தை ஒட்டி வழவழவென்று ஒரு வெள்ளைப் பட்டை கிடக்கும், அகச்சிவப்புப் படத்தில் அந்த இடத்தில் அநேகமாக ஒன்றுமே தெரியாது. அதுதான் மூடுபனி, தரையில் படுத்துவிட்ட மேகம். இரவில் வெளிச்சம் இல்லாதபோது அதைக் கண்டுபிடிக்கவும் துளியின் அளவுதான் கைகொடுக்கிறது. மூடுபனியின் சின்னஞ்சிறு துளிகள் 3.9 மைக்ரானில் வெப்பத்தைச் சரியாக வெளிவிடாது, 10.8 மைக்ரானில் நன்றாக விடும், அதனால் முதல் படத்தில் அந்த இடம் உண்மையைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மூடுபனி மட்டும் தனியாக எழுந்து நிற்கும். சூரியன் உதித்ததும் இந்த வித்தை தலைகீழாகிவிடும், அதே துளிகள் 3.9இல் வெயிலைத் திருப்பி அடிக்க ஆரம்பிப்பதால் அந்த இடம் உண்மையைவிடச் சூடாகத் தெரியும். விடியும் நேரத்தில் இரண்டும் சமமாகும் கொஞ்ச நேரம், மூடுபனி எங்கே இருக்கிறது என்று அந்த முறையால் சொல்லவே முடியாது.